பெகுவில் ஒரு பகல்: பஸ், வெயில், பழைய கற்கள்

ரங்கூனுக்கு வருகிற சொந்தக்காரர்கள் பெட்டியைக் கீழே வைத்த கையோடு கேட்பது பழைய தலைநகரமான பகானைத்தான். அடுத்த கேள்வியும் தயாராக இருக்கும்: “காலையில போயிட்டு ராத்திரிக்குள்ள திரும்பிடலாம்ல?” முடியாது. பகான் இங்கிருந்து 600 கிலோமீட்டருக்கும் மேல். இரவு பஸ்ஸில் ஏறிப் படுத்தால் விடிகிற நேரத்துக்குத்தான் இறங்கலாம். அங்கே இரண்டு நாளாவது சுற்றினால்தான் போனதற்குப் பலன். கையில் ஒரே ஒரு நாள்தான் இருக்கிறது, பழைய தலைநகரம் ஒன்றைப் பார்த்துவிட்டு இரவுச் சாப்பாட்டுக்கு வீடு திரும்ப வேண்டும் என்றால் பெகுதான் சரி. அரசாங்கப் பெயர் பகோ. எங்கள் வீடுகளில் இன்னும் பெகுதான். ரங்கூனுக்கு வடகிழக்கே 80 கிலோமீட்டர், பஸ்ஸில் இரண்டு மணி நேரம்.

ஒன்றை மட்டும் கிளம்புவதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் வருகிறவர்கள் அங்கே போய் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொள்வார்கள். பகானில் திரும்பிய பக்கமெல்லாம் செங்கல் கோயில்கள். பெகுவில் அப்படி எதுவும் கிடையாது. 1369இல் கீழ்ப் பர்மாவின் மோன் இன அரசர்கள் தலைநகராக்கிய ஊர் இது. 16ஆம் நூற்றாண்டில் பர்மிய அரசர் பயின்னாங் ஆண்டபோது சியாம் வரை பரவிய பேரரசுக்குத் தலைநகரம். 1599இல் தவுங்கூ, அரக்கான் படைகள் சூறையாடின. மறுபடி தலையெடுத்த ஊரை 1757இல் இன்னொரு பர்மிய அரசர் அலவுங்பயா அழித்தார். ஆறு போக்கு மாறி மண்மேடிட்டதில் துறைமுகமும் போயிற்று. மிச்சம் மீதியை 1917, 1930 நிலநடுக்கங்கள் பார்த்துக்கொண்டன. ஆகவே இன்று பெகுவில் நிமிர்ந்து நிற்பவை எல்லாம் ஏறக்குறைய திரும்பக் கட்டியவை, தங்கப் பூச்சோடு பளபளவென்று இருக்கும்.

பழையது இல்லாமல் இல்லை. பெரிய கட்டடத்தின் காலடியில், தகரக் கூரைக்குக் கீழே, ஒரு மூலையில் கிடக்கிறது. வண்டிக்காரர் தானாக அங்கே நிறுத்த மாட்டார். நாம்தான் கேட்டு நிறுத்த வேண்டும். பெகுவுக்குத் திட்டம் போடுவதில் பாதி வேலை இதுதான். மீதிப் பாதி வெயிலைச் சமாளிப்பது.

போன குளிர்காலத்தில் சிவகங்கைப் பக்கத்திலிருந்து சித்தப்பாவும் சித்தியும் பேரனோடு வந்திருந்தார்கள். சித்தப்பா ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர். பகான் பேச்சையே எடுக்கவில்லை. “பெகுன்னா கடாரம்மா. ராஜேந்திர சோழன் ஜெயஸ்தம்பம் நட்ட ஊரு. அந்தத் தூணைக் காட்டிடு, எனக்கு அது போதும்” என்றார்.

இந்த ஆசையோடு வருகிற தமிழர்கள் நிறையப் பேர், அதனால் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெகுவுக்குப் பக்கத்தில் எட்டுப் பட்டை கருங்கல் தூண்கள் இரண்டு கிடைத்தன. ராஜேந்திரன் நட்ட வெற்றித் தூண்கள் இவை என்று அன்றைய தொல்லியல் துறை எழுதியது. அது தமிழ்ப் புத்தகங்களில் ஏறி, பல பேர் மனதில் அப்படியே உட்கார்ந்துவிட்டது. பிற்பாடு வந்த ஆய்வாளர்கள் அதை ஏற்கவில்லை. கடாரம் என்பது மலேயாவின் கெடா என்று இன்று பொதுவாக ஒத்துக்கொள்ளப்பட்டுவிட்டது. 1025ஆம் ஆண்டுப் படையெடுப்பைச் சொல்லும் மெய்க்கீர்த்தியில் வருகிற மாப்பப்பாளம் கீழ்ப் பர்மாவில் இருந்த ஊர் என்று சொல்கிறவர்கள் உண்டு. அவ்வளவுதான். சித்தப்பாவிடம் இதைச் சொன்னபோது அவர் முகம் போன போக்கு எனக்கே கஷ்டமாக இருந்தது. “தூண் இல்லாட்டியும் உங்களுக்கு வேற ஒண்ணு வெச்சிருக்கேன் சித்தப்பா, மத்தியானம் வரைக்கும் பொறுங்க” என்று சொல்லி வைத்தேன்.

சரி, பஸ்ஸுக்கு வருவோம்.

பெகு பஸ்களுக்கு நகரின் வடக்கே உள்ள அவுங் மிங்கலா பேருந்து நிலையம் போக வேண்டும். நகர நடுவிலிருந்து அங்கே போய்ச் சேரவே காலை நெரிசலில் ஒரு மணி நேரம் ஆகும் என்பதைத் திட்டத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள். ‘இரண்டு மணி நேரப் பயணம்’ என்று சொல்கிறவர்கள் இந்த ஒரு மணி நேரத்தைச் சொல்வதே இல்லை. ஐந்தரைக்கு வீட்டை விட்டுக் கிளம்பினால் எட்டரை, ஒன்பதுக்குப் பெகுவில் இருக்கலாம். மண்டலே, மோல்மேன் போகிற ரயில்களும் பெகு வழியாகத்தான் போகும். ரயில் எனக்குப் பிடிக்கும். ஆனால் அதன் நேரத்தை நம்பி ஒரு நாள் திட்டம் போட மாட்டேன். தண்டவாளத்தில் பெட்டி குதிக்கிற குதியில் வயதானவர்களுக்கு இடுப்பு கழன்றுவிடும்.

பஸ்ஸில் இடப்பக்கச் சீட்டாகக் கேட்டு வாங்குங்கள். காலையில் வடக்கே போகும்போது வெயில் வலப்பக்கம். மாலையில் தெற்கே திரும்பும்போதும் வலப்பக்கம். எனவே போகவும் வரவும் இடப்பக்கம்தான் நிழல். டிக்கெட்டில் சீட் எண் எழுதித் தருகிறார்களா என்றும் பாருங்கள். எங்களுக்குச் சீட்டு எண் எழுதாமல் டிக்கெட் கொடுத்த ஒரு பஸ்காரர், ஏறின பிறகு நடுவழியில் ஒரு சிவப்புப் பிளாஸ்டிக் ஸ்டூலைப் போட்டுச் சித்தியை உட்காரச் சொன்னார். சித்தி அந்த ஸ்டூலைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், பேசாமல் நின்றுகொண்டே இருந்தார். கடைசியில் முன்சீட்டில் இருந்த பர்மியப் பையன் எழுந்து இடம் கொடுத்தான். குளிர்சாதனப் பஸ் என்றால் ஒரு துண்டோ சால்வையோ அவசியம்; நம் ஊர் மாதிரி அளவாக வைக்க மாட்டார்கள்.

வழியில் தவுச்சான் என்ற கூட்டுரோடு வரும். நேராகப் போனால் ப்யே, வலப்பக்கம் திரும்பினால் பெகு. அதன் பக்கத்தில்தான் இரண்டாம் உலகப் போர்க் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. உடல் கிடைக்காமல் போன ஏறக்குறைய 27,000 வீரர்களின் பெயர்களைத் தூண் தூணாகப் பொறித்திருக்கிறார்கள். பிரிட்டிஷ் இந்தியப் படையினர்தான் அதில் மிகுதி. மெட்ராஸ் சாப்பர்ஸ் என்ற பொறியாளர் படைப் பிரிவின் பெயர்களைத் தேடினால் நம் ஊர்ப் பெயர்கள் கண்ணில் படும். ஆனால் பொதுப் பஸ்ஸில் போகிறவர்கள் இங்கே இறங்கினால் மறுபடி ஏற இடம் கிடைப்பது உறுதியில்லை. தனி வேன் பிடித்தவர்களுக்கு மட்டும் இது சரிப்படும். ஆறேழு பேர் சேர்ந்தால் வேன் அப்படியொன்றும் அதிகச் செலவில்லை.

இன்னொன்று. இந்த ரோட்டில் சோதனைச் சாவடிகள் உண்டு. வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் பாஸ்போர்ட்டை நகலாக இல்லாமல் அசலாகவே வைத்துக்கொள்ள வேண்டும். இங்குள்ளவர்கள் அடையாள அட்டையை மறக்கக் கூடாது. இப்போதிருக்கும் நாட்டு நிலவரத்தில், முந்தின நாள் மாலை பஸ் கவுண்டரிலும் பெகுவில் தெரிந்தவர் யாரிடமாவதும் ரோடு எப்படி இருக்கிறது என்று கேட்டுவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். இருட்டுவதற்குள் ரங்கூன் எல்லைக்குள் வந்துவிடுவது மாதிரி நேரத்தைக் கணக்குப் போடுங்கள்.

பெகுவில் இறங்கியதும் மோட்டார் சைக்கிள்காரர்கள் சூழ்ந்துகொள்வார்கள். ரங்கூன் நகருக்குள் மோட்டார் சைக்கிளுக்குத் தடை இருப்பதால் இந்தக் கூட்டம் புதிதாகத் தெரியும். மூன்று பேர், நான்கு பேர் என்றால் மூன்று சக்கர வண்டி ஒன்றை நாள் வாடகைக்குப் பேசிக்கொள்வது நல்லது. நான் போக வேண்டிய இடங்களைப் போகிற வரிசையிலேயே பர்மிய மொழியில் ஒரு தாளில் எழுதி எடுத்துப் போய், அதைக் காட்டித்தான் வாடகை பேசுவேன். “எல்லா இடமும் காட்டுறேன்” என்று வண்டிக்காரர் சொல்வதில் பழைய கல்வெட்டுகள் இருக்கிற கல்யாணி சீமா வராது. மலைப்பாம்பு மடமும் இரண்டு நகைக் கடையும் வரும்.

வரிசையை எப்படி அமைப்பது? வரைபடத்தைப் பார்த்தோ வரலாற்றுக் காலத்தைப் பார்த்தோ அமைக்காதீர்கள். உள்ளங்காலைப் பார்த்து அமையுங்கள். பகோடா வளாகத்துக்குள் செருப்பு மட்டுமல்ல, சாக்ஸும் போடக் கூடாது. திறந்தவெளிப் பளிங்குத் தரையும் ஓடு பதித்த தரையும் பத்தரை மணிக்கு மேல் தோசைக்கல்தான். குளிர்காலத்திலேயே இப்படி, மார்ச், ஏப்ரலில் நினைத்தே பார்க்க வேண்டாம். ஆகவே திறந்தவெளி இடங்கள் காலையிலும் நாலு மணிக்கு மேலும். கூரை உள்ள இடங்கள் உச்சி வெயிலில். மழைக்காலத்தில் சூடு இருக்காது, ஆனால் அதே பளிங்கு வழுக்கும்; முழங்கால் வலி உள்ளவர்களுக்கு அதுதான் அதிக ஆபத்து. செருப்பை வாசலில் விட்டுவிட்டு வேறு வாசல் வழியாக வெளியே வந்து அலைவதும் வழக்கமாக நடப்பது. ஒரு துணிப் பையில் எல்லார் செருப்பையும் போட்டுக் கையோடு எடுத்துப் போங்கள், இங்கே யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

இந்தக் கணக்குப்படி முதல் இடம் ஷ்வேமாடா பகோடா. 114 மீட்டர், ரங்கூன் ஷ்வேடகோனைவிட உயரம். ஊருக்குள் நுழையும் முன்பே தெரியும். இன்று நிற்பது 1930 மே 5 நிலநடுக்கத்தில் தரைமட்டமாகி, 1954இல் திரும்பக் கட்டி முடித்தது. எல்லாரும் அண்ணாந்து பார்த்துவிட்டு, படம் எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். நீங்கள் வடகிழக்கு மூலைக்கு நடங்கள். அங்கே ஒரு பெரிய செங்கல் மொத்தை பகோடாவின் அடித்தளத்தோடு ஒட்டிக் கிடக்கும். 1917 நிலநடுக்கத்தில் உச்சியிலிருந்து விழுந்த பாகம் அது. நகர்த்தாமல் அப்படியே விட்டுவிட்டார்கள். வளையம் வளையமாகச் செதுக்கிய சுதை, உடைந்த விளிம்பில் அடுக்கடுக்காகத் தெரியும் செங்கல், அதன் மேல் யாரோ வைத்துவிட்டுப் போன பூ. சித்தப்பா பேரனைக் கூப்பிட்டு, செங்கல்லின் கனத்தை விரலால் அளந்து காட்டினார். இந்த ஊரில் நான் பார்க்கச் சொல்லும் பழையவற்றில் இது முதலாவது. பகோடாவுக்கே கூட அரை மணி நேரம் போதும். இந்த மூலைக்குப் பத்து நிமிடம் தனியாக வையுங்கள்.

பின்னாலேயே ஹிந்தா கோன் என்ற சிறு குன்று. ஊர் தோன்றிய கதை அங்கேதான்: கடலில் தலைதூக்கிய ஒரு திட்டில் ஆண் அன்னத்தின் முதுகில் பெண் அன்னம் நின்றதாம், இடம் அவ்வளவுதான் இருந்ததாம். அந்த இரட்டை அன்னம்தான் ஊரின் சின்னம். பெகு ஆம்பளைகள் பெண்டாட்டி பேச்சைத் தட்டாதவர்கள் என்று கேலி செய்வதற்கும் இதுவே காரணம். சித்தி அந்தக் கதையை இரண்டாம் முறை சொல்லச் சொன்னார். காற்று நன்றாக வரும்; படி ஏற முடியாதவர்கள் விட்டுவிடலாம், பெரிய நஷ்டம் இல்லை.

அடுத்தது கன்பாவ்சதாடி அரண்மனை. இங்கேதான் நிறையப் பேர் ஏமாறுவது. தங்க வண்ணத்தில் அடுக்கடுக்கான கூரையோடு நிற்பது 1990களில் கட்டியது. பயின்னாங்கின் அசல் அரண்மனை 1599இல் எரிந்துவிட்டது. உள்ளே போனால் வெறும் கூடம். எதிரொலி நன்றாகக் கேட்கும், பிள்ளைகளுக்குப் பிடிக்கும். ஆனால் 1990இல் தொடங்கிய அகழாய்வில் மண்ணுக்குள்ளிருந்து தேக்குத் தூண்களின் அடிப்பாகங்கள் வரிசையாக வந்தன. அவற்றை எடுத்து வைத்திருக்கிறார்கள். ஒரு ஆள் இரண்டு கையாலும் கட்டிப்பிடித்தாலும் அடங்காத கட்டைகள். நானூறு வருடம் மண்ணில் கிடந்தும் உளுக்கவில்லை. வெளிப்பக்கம் கரியாகக் கருத்து, நீள நீளமாக வெடித்திருக்கிறது, வெட்டு முகத்தில் வளையங்கள் தெளிவாகத் தெரிகின்றன. சிலவற்றில் மோன் எழுத்து இருக்கிறது: எந்த ஊர் அந்த மரத்தைக் கொடுத்தது என்ற குறிப்பு. பேரரசின் ஒவ்வொரு மூலையிலிருந்தும் மரம் வாங்கிக் கட்டிய அரண்மனை என்பதற்கு இந்தக் கட்டைகளே கணக்குப் புத்தகம். தங்கக் கூடத்தில் ஐந்து நிமிடம், கட்டைகளிடம் அரை மணி என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

1580களில் இங்கே வந்த ரால்ஃப் ஃபிட்ச் என்ற ஆங்கில வணிகர், இந்தப் புது நகரம் சதுரமாக இருந்தது, இருபது வாசல், சுற்றிலும் முதலைகள் விட்ட அகழி, வாசலுக்கு வாசல் நூல் பிடித்த மாதிரி தெரு, பத்துப் பன்னிரண்டு பேர் குதிரையில் பக்கம் பக்கமாகப் போகும் அகலம், வீட்டுக்கு வீடு தென்னை என்றெல்லாம் எழுதி வைத்திருக்கிறார். அந்த அகழியின் துண்டுகள் இன்றும் உண்டு. வண்டிக்காரரிடம் கேட்டால் ரோட்டோரமாக நிறுத்துவார். ஆகாயத் தாமரை மண்டிய நீளமான குளம் மாதிரித்தான் இருக்கும். “முதலை எங்கே?” என்று பேரன் கேட்டான். முதலைக்குப் பதிலாக எருமை இருந்தது.

வெளிநாட்டவருக்குப் பெகுவின் முக்கிய இடங்களுக்கெல்லாம் சேர்த்து ஒரே டிக்கெட். முதல் இடத்தில் வாங்கியதைக் கடைசி வரை பத்திரமாக வைத்திருக்க வேண்டும். உள்ளூர்க்காரர்களுக்கு அந்தக் கட்டணம் இல்லை. எல்லாம் ரொக்கம்தான். பர்மியப் பணமான சாட் நோட்டுகளைச் சில்லறையாக நிறைய வைத்துக்கொள்ளுங்கள். டாலர் மாற்றுவதாக இருந்தால் மடிப்பு விழாத நோட்டாக ரங்கூனிலேயே மாற்றிவிடுங்கள்.

பத்தரை மணிக்குப் பெரிய மடம் ஒன்றில் நூற்றுக்கணக்கான பிக்குகள் வரிசையாகச் சாப்பாட்டுக்குப் போவதைக் காட்ட அழைத்துப் போகிறார்கள். சாப்பிடப் போகிறவர்களைக் கேமராவோடு வேடிக்கை பார்ப்பது எனக்குச் சரியாகப் படவில்லை; அன்னதானம் கொடுக்கிறவர்கள் போகட்டும். மலைப்பாம்பு மடத்துக்குப் பேரனுக்காகப் போனோம். பெரிய பாம்பு, தூங்கிக்கொண்டிருந்தது.

மதியச் சாப்பாடு பர்மியச் சோற்றுக் கடையில். குழம்பு வகையைக் கண்ணாடிப் பெட்டியில் கைகாட்டி எடுத்துக்கொள்ளலாம். கீரை, பச்சைக் காய்கறி, தொட்டுக்கொள்ள ஙாபி, சூப்பு எல்லாம் கூடவே வரும். ஙாபி மீன் விழுது என்பதால் சைவக்காரர்கள் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். சென்னையில் அத்தோ, மொய்ங்கோ சாப்பிட்டுப் பழகின பேரன் இங்கே மொஹிங்காவை, அதாவது மீன் குழம்பு ஊற்றிய நூடுல்ஸை, வாயில் வைத்துவிட்டு, “இது வேற மாதிரி இருக்கு” என்றான். வேற மாதிரிதான். சென்னை பீச் ஸ்டேஷன் பக்கத்துத் தள்ளுவண்டிகளில் அது தமிழ்ச் சாப்பாடாகவே மாறி நாளாகிவிட்டது. வெறும் தேநீர் மேசையிலேயே பிளாஸ்க்கில் இருக்கும், காசு கிடையாது. வெயிலில் தண்ணீரைவிட அது நன்றாகத் தாகம் தீர்க்கும்.

உச்சி வெயிலுக்கு ஷ்வேதல்யாங். பள்ளிகொண்ட புத்தர், 55 மீட்டர் நீளம், சுண்டுவிரல் மட்டும் 10 அடி. மேலே பிரிட்டிஷ் காலத்து இரும்புக் கூரை இருப்பதால் தரை குளிர்ச்சி; சித்தி ஒரு தூணில் சாய்ந்து அரை மணி நேரம் கண்ணை மூடிக்கொண்டார், யாரும் எழுப்பவில்லை. 994இல் மோன் அரசர் செய்வித்தது என்று சொல்கிறார்கள். 1757 அழிவுக்குப் பிறகு சிலையைக் காடு மூடி, அப்படி ஒன்று இருந்ததே ஊருக்கு மறந்துபோயிற்று. 1880 வாக்கில் ரயில் பாதைக்கு மண் வெட்ட ஒரு இந்தியக் காண்ட்ராக்டர் இந்த மேட்டைத் தோண்டியபோதுதான் புத்தர் வெளியே வந்தார். தோண்டிய கூலியாட்களில் நம்மவர்கள் இருந்திருப்பார்கள் என்று நான் நினைத்துக்கொள்வேன். அன்றைக்குப் பர்மாவில் மண் வேலை என்றால் தெலுங்கரும் தமிழரும்தான்.

அங்கிருந்து கிட்டத்தில்தான் கல்யாணி சீமா. நான் சித்தப்பாவுக்காக வைத்திருந்தது இதைத்தான். பிக்குகளுக்குத் துறவு கொடுக்கும் கூடம்; கட்டடம் 1954இல் புதுப்பித்தது, அதில் நிற்க வேண்டாம். பக்கத்தில் கூரைக்குக் கீழே ஆளுயரத்துக்கு மேலான கற்பலகைகள் இருக்கின்றன. மொத்தம் பத்துக் கல்வெட்டுகள். மூன்று பாலி, ஏழு மோன். உடைந்த துண்டுகளைச் சிமெண்டால் ஒட்டி நிறுத்தியிருக்கிறார்கள். கிட்டே போய்ப் பார்த்தால் பொடிப்பொடியான வட்ட எழுத்து, ஒரு விரல் அகலத்தில் இரண்டு வரி அடங்கும் போலிருக்கும். சில இடங்களில் எழுத்தின் மேலேயே ஒட்டுப் போட்டிருக்கிறார்கள்.

1476இல் தம்மசேதி அரசர் வெட்டுவித்தவை. பர்மாவின் பௌத்த சங்கத்தைச் சீர்திருத்த அவர் 22 மூத்த பிக்குகளைச் சீடர்களோடு இரண்டு கப்பலில் இலங்கைக்கு அனுப்பினார். களனி ஆற்றில் மறுபடி தீட்சை பெற்றுக்கொண்டு அவர்கள் திரும்பினார்கள். சீமாவின் பெயரும் அந்த ஆற்றிலிருந்து வந்ததுதான். திரும்பும்போது ஒரு கப்பல் பாறையில் மோதி உடைந்தது. கரை சேர்ந்த பிக்குகள் நடந்தே நாகப்பட்டினம் வந்தார்கள். அங்கே ஒரு பழைய விகாரை இருந்த இடத்தைப் பார்த்தார்கள். சீன அரசர் ஒருவர் கட்டுவித்த குகைக் கோயிலில் இருந்த புத்தரை வணங்கினார்கள். இவ்வளவும் இந்தக் கல்லில் எழுதியிருக்கிறது.

சித்தப்பா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் வாத்தியார் வெளியே வந்துவிட்டார். பேரனைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு பாடம் தொடங்கினார்: நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரம் கட்டியது கடாரத்து அரசன். அதற்கு ஆனைமங்கலம் கிராமத்தைக் கொடுத்தது ராஜராஜன். அந்தச் செப்பேடு நெதர்லாந்தின் லெய்டன் நகருக்குப் போய்விட்டது. நாகப்பட்டினத்தில் மிஞ்சியிருந்த பழைய பௌத்தக் கோபுரத்தை 1867இல் பாதிரிமார்கள் இடித்தார்கள். “ராஜேந்திரன் தூணைத் தேடி வந்தேன், நாகப்பட்டினம் இங்க வந்து நிக்குதே” என்று என்னைப் பார்த்தார். வெளியே வண்டிக்காரர் ஹாரன் அடித்தார். “இருய்யா” என்று தமிழிலேயே அதட்டினார் சித்தப்பா.

தமிழ் வாசகர்களுக்கு நான் அழுத்திச் சொல்வது இந்த இடத்தைத்தான். போவதற்கு முன் கல்வெட்டுக் கதையைக் கொஞ்சம் படித்துவிட்டுப் போங்கள். அங்கே விளக்க ஆள் கிடையாது. பலகையில் உள்ளதை வைத்து ஒன்றும் புரியாது. பர்மியப் பயணிகளே நிறையப் பேர் எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடுகிறார்கள்.

பக்கத்தில் மகாசேதி. 1560இல் பயின்னாங் புத்தரின் பல்லை வைப்பதற்காகக் கட்டத் தொடங்கியது. அந்தப் பல் விவகாரமே தனிக்கதை. அதே வருடம் யாழ்ப்பாணத்தின் மேல் படையெடுத்த போர்த்துக்கீசியர் அங்கே ஒரு பல்லைப் பிடித்துக் கோவாவுக்குக் கொண்டுபோனார்கள். பயின்னாங் பெரும் பணம் கொடுத்து வாங்கிக்கொள்ளத் தூது அனுப்பினார். கோவா பாதிரிமார்கள் பணத்தை மறுத்து, பல்லை உரலில் இடித்துப் பொசுக்கிவிட்டார்கள். பிற்பாடு இலங்கையிலிருந்து வேறொரு பல் வந்தது. இன்றைய பகோடா அண்மைக்காலத்தில் திரும்பக் கட்டியது. வெளிப்பக்கப் படியில் மேலே ஏறினால் ஊர் முழுவதும் தெரியும் என்கிறார்கள். என்கிறார்கள் என்றுதான் சொல்ல முடியும், ஏனென்றால் பெண்கள் ஏறக் கூடாது. சித்தியும் நானும் கீழே நிழலில் உட்கார்ந்திருந்தோம். பேரன் மேலே போய்க் கையாட்டினான். “அன்னம் கதை சொன்ன ஊருதானே இது?” என்றார் சித்தி. குடும்பத்தோடு போகிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டு, ஏறுகிறவர்களுக்குக் கால் மணி நேரம் மட்டும் கொடுங்கள்.

கடைசி இடம் சாய்க்புன்னாக இருக்கட்டும், இரண்டு காரணத்துக்காக. ஊருக்குத் தெற்கே ரங்கூன் ரோட்டை ஒட்டி இருப்பதால் அங்கிருந்தே பஸ் பிடித்துவிடலாம். ஊருக்குள் திரும்பிப் போக வேண்டியதில்லை. அதோடு நாலு மணிக்கு மேல் தரை ஆறியிருக்கும். ஒரு சதுரத் தூணின் நான்கு பக்கமும் நான்கு புத்தர்கள் முதுகோடு முதுகாக உட்கார்ந்திருக்கிறார்கள், 27 மீட்டர் உயரம், இதுவும் 1476. கட்டிய காலத்தில் நாலு மோன் சகோதரிகள் கல்யாணமே செய்துகொள்வதில்லை என்று சபதம் எடுத்தார்களாம்; யாராவது மீறினால் ஒரு புத்தர் இடிந்துவிடுமாம். 1930 நிலநடுக்கத்தில் மேற்குப் பக்கத்துப் புத்தர் சிதைந்ததற்கு ஊர்க்காரர்கள் ஒரு சகோதரியைத்தான் குற்றம் சொல்கிறார்கள். பூமிக்கு அடியில் பெகுவை ஒட்டி ஓடும் சகாய்ங் பிளவுதான் காரணம் என்று சொன்னால் ரசிக்க மாட்டார்கள். 2025 மார்ச்சில் மண்டலேயைக் குலுக்கியதும் அதே பிளவுதான். சாயங்கால வெயில் மேற்கு முகத்தில் நேராக விழும், படம் எடுக்கிறவர்கள் அந்தப் பக்கம் நில்லுங்கள்.

ரோட்டோரம் பஸ்ஸைக் கைகாட்டி ஏறும்போது சீட் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். சிவப்பு ஸ்டூல் எந்தப் பஸ்ஸிலும் இருக்கும்.

ரங்கூன் திரும்பியதும் வாடகைக் கார் பிடிக்காமல் நகரப் பஸ்ஸிலேயே உள்ளே வரலாம். 2017 ஜனவரியில் பழைய பஸ்களை எல்லாம் எடுத்துவிட்டு ஒய்.பி.எஸ். என்று புதிதாக அமைத்தார்கள். கட்டணத்தை அதற்கான அட்டையில் தட்ட வேண்டும், அல்லது சரியான சில்லறையைப் பெட்டியில் போட வேண்டும். மீதி கிடைக்காது. பஸ் எண் பர்மிய எழுத்தில் இருக்கும், அதனால் பத்து இலக்கங்களையும் முந்தின நாளே எழுதிப் பழகிக்கொள்ளுங்கள். முழு வட்டம் சைபர், ஒரு பக்கம் திறந்த வட்டம் ஒன்று. இந்த இரண்டும் குழம்பினால் வேறு ஊருக்குப் போய்விடுவீர்கள். நடு நகரத்துக்குப் போகும் பஸ்ஸாக ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தால் சூலே பகோடா, நகர மண்டபம், உயர் நீதிமன்றம் என்று பிரிட்டிஷ் ரங்கூன் முழுக்க டிக்கெட் காசுக்குப் பார்த்துவிடலாம். அனவ்ரதா சாலையில் இறங்கினால் 1871இல் தமிழர்கள் கட்டிய காளியம்மன் கோயில். மாலைப் பூஜை நேரத்துக்குச் சரியாக வந்து சேர்ந்தோம்.

பெகுவில் அரை நாள்தான் முடியும் என்கிறவர்கள் தங்க அரண்மனையையும் குன்றையும் மகாசேதியையும் தயங்காமல் வெட்டிவிடுங்கள். காலையில் ஷ்வேமாடாவின் வடகிழக்கு மூலை, அப்புறம் நேராகக் கல்யாணி சீமா, அங்கிருந்து ஷ்வேதல்யாங். பதினொன்றரைக்கு வண்டியை அனுப்பிவிட்டால் மூன்று மணிக்கெல்லாம் ரங்கூனில் இருப்பீர்கள். தேக்குக் கட்டைகளைப் பார்க்க முடியாமல் போகும், அதற்கு இன்னொரு முறைதான் வர வேண்டும்.